அங்கோனோவை விட்டுப் போகாத ஓவியர்: போட்டோங் பிரான்சிஸ்கோ

வைகைக்கரை

மணிலாவுக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, லகுனா ஏரிக்கரையில் அங்கோனோ என்று ஓர் ஊர் இருக்கிறது. மீன்பிடியும் வயலும் சோறு போட்ட ஊர். இன்று அதைப் பிலிப்பைன்ஸின் கலைத் தலைநகரம் என்கிறார்கள். அந்தப் பெயர் வந்ததற்கு முதல் காரணம் கார்லோஸ் பிரான்சிஸ்கோ. ஊரில் எல்லாருக்கும் அவர் போட்டோங். 1912 நவம்பர் 4 அன்று அங்கே பிறந்தார், 1969 மார்ச் 31 அன்று அங்கேயே கண் மூடினார். இறந்த பின் 1973இல் தேசியக் கலைஞர் என்ற உயரிய பட்டம் கிடைத்தது. ஓவியர்களில் அதற்கு முந்தைய ஆண்டு பெற்ற ஃபெர்னாண்டோ அமோர்சோலோவுக்கு அடுத்து இவர்தான்.

நாட்டின் வரலாற்றையே சுவர் சுவராக வரைந்தவர். அந்தச் சுவர்களில் இருக்கும் முகங்களோ அவருடைய ஊர்க்காரர்களின் முகங்கள். பக்கத்து வீட்டு மீனவர், வயலில் நின்ற பெண், திருவிழாவில் கொட்டடித்தவர் என்று அக்கம்பக்கத்தாரை மாதிரியாக வைத்துத்தான் வரைந்திருக்கிறார். மணிலாவில் படித்தார், பத்திரிகைகளுக்குப் படம் போட்டார், சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். ஆனாலும் இருப்பிடம் அங்கோனோதான்.

ஊரை விட்டுப் போகாததால்தான் அவர் இவ்வளவு பெரிய ஓவியரானார் என்பது என் எண்ணம். அவர் படங்களை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். மணிலாவில் ஒரு மருத்துவமனைக்காக அவர் வரைந்த நான்கு படங்களைப் பிறகு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள், அதைப் பற்றியும் பேச வேண்டும். அது சரியா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை.

தாழம்பூ

நான் பார்த்திருக்கிறேன் அண்ணா. பிலிப்பைன்ஸில்தான் எம்.டி. படிக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே மருத்துவம் படிக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மணிலாவுக்குப் போனபோது தேசிய நுண்கலை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே ‘பிலிப்பைன்ஸில் மருத்துவத்தின் வளர்ச்சி’ என்ற நான்கு படங்கள் இருக்கின்றன. 1953இல் பிலிப்பைன் பொது மருத்துவமனைக்காக அவர் வரைந்தவை. ஒவ்வொன்றும் ஆளை விட உயரம், கிட்டத்தட்ட மூன்று மீட்டர்.

ஸ்பானியர் வருவதற்கு முந்திய காலம், ஸ்பானியர் காலம், அமெரிக்கர் காலம், அப்புறம் தற்காலம். காலத்துக்கு ஒரு படம். முதல் படத்தில் நோயாளிக்காகச் சடங்கு செய்யும் பபாய்லான் இருக்கிறாள். ஊருக்கு வைத்தியமும் பூசையும் பார்த்த பெண்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவளை மூடநம்பிக்கையின் அடையாளமாக அவர் காட்டவில்லை, அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மற்ற மூன்று படங்களிலும் மருத்துவர்களுக்கு என்ன மரியாதை கொடுத்திருக்கிறாரோ, அதே மரியாதை இவளுக்கும். எங்கள் பாடப்புத்தகத்தில் மருத்துவ வரலாறு ஹிப்போகிரட்டீஸில் தொடங்கும். இங்கே அது இந்த மண்ணின் ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. மருத்துவம் படிக்கிறவளாக அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

கரிக்கோடு

நானும் ஓவியன்தான், அதனால் கொஞ்சம் எதிர்த்தே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போட்டோங்கின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் பெரிய வேலைகள் எல்லாம் யாரோ கேட்டு வரைந்தவை. 1953 மணிலா சர்வதேசக் கண்காட்சிக்காக 500 ஆண்டு வரலாற்றை வரைந்தார், அது அதிபர் கிரினோ காலத்து அரசு வேலை. அறுபதுகளில் மணிலா நகர மன்றத்துக்கு வரைந்தது மேயர் வில்லேகாஸ் கேட்டது. கொடி, வாள், வீரன், தியாகி என்று வரிசையாக வருகிறார்கள். பள்ளிக்கூடச் சுவரில் இருக்க வேண்டிய பாடம் அது. தனக்குள் இருப்பதைத் தேடிப் போகும் ஓவியன் செய்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய கூட்டாளி எடாடெஸ் 1928லேயே வியர்வையும் புழுதியுமாகக் கட்டடத் தொழிலாளிகளை வரைந்து மணிலாவையே கொதிக்க வைத்தவர். அந்தத் துணிச்சல் போட்டோங்கிடம் எங்கே?

வைகைக்கரை

கரிக்கோடு அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதி சரி. கேட்டு வரைந்தவைதான். ஆனால் கொடுத்த தலைப்பை அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

முதலில் எடாடெஸ் விஷயம். எடாடெஸ், காலோ ஒகாம்போ, போட்டோங் மூவரும் ஒரே அணி. 1935இல் எஸ்கோல்ட்டா தெருவில் கேப்பிட்டல் திரையரங்குக்காக மூவரும் சேர்ந்து ‘எழும் பிலிப்பைன்ஸ்’ என்ற சுவரோவியத்தை வரைந்தார்கள். அந்த ஓவியம் இன்று இல்லை. அப்போது மணிலாவில் விலைபோனது அமோர்சோலோவின் பாணி: பொன்வெயில், சிரிக்கும் கிராமத்துப் பெண், பச்சை வயல். நெல் நாற்று நடும் காட்சியில்கூட யாருக்கும் இடுப்பு வலிக்காது. இதிலிருந்து விலகி எடாடெஸ் கறுத்த நிறங்களுக்கும் திரிந்த உருவங்களுக்கும் போனார். அந்தப் பார்வையை மேற்கிலிருந்துதான் கொண்டுவந்தார், அமெரிக்காவில் படித்தவர். போட்டோங் மூன்றாவதாக ஒரு வழி பிடித்தார். நவீன ஓவியத்தின் தட்டையான பரப்பை எடுத்துக்கொண்டார், நிறத்தை அங்கோனோவின் திருவிழாவிலிருந்து எடுத்தார். கருஞ்சிவப்பு, மஞ்சள், வாழையிலைப் பச்சை, ஏரி நீலம். துணிச்சல் என்று கேட்டால் இதுவும் துணிச்சல்தான்.

இரண்டாவது, கோடு. நீங்கள் ஓவியர், அதனால் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நகர மன்றத்துக்காக வரைந்த ‘வரலாற்றினூடே பிலிப்பினோ போராட்டங்கள்’ தொடரில் ஏதாவது ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சம்பவத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சட்டமோ கோடோ கிடையாது. ஒரு தீயின் நாக்கு வளைந்து போய்ப் படகின் பாயாகிறது, பாயின் ஓரம் ஒரு கூட்டத்தின் தோள்களாகிறது. நூறாண்டுகள் கடந்து போயிருக்கும், கண் எங்கேயும் தடுக்கி விழாது. சீனக் கடற்கொள்ளையன் லிமாஹோங்கின் படையெடுப்பு, கவிஞர் பலாக்தாஸ், ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த ரிசால், பொனிபாசியோ எல்லாரும் ஒரே ஓட்டத்தில் வருகிறார்கள். பள்ளிப் பாடம் ஆண்டு வாரியாகப் பிரித்துச் சொல்லும். இவர் பிரிக்கவே இல்லை.

அப்புறம் அந்தக் கூட்டம். பெயர் தெரிந்த தலைவர் ஒருவர் நின்றால், அவரைச் சுற்றிப் பெயர் தெரியாத உடம்புகள் நெருக்கியடித்து நிற்கும். சுமப்பவர், இழுப்பவர், அழுபவர். கை கால்களின் தசைநார் தெரிய அவர் வரைந்திருப்பது பெரும்பாலும் இவர்களைத்தான். வலை இழுக்கும் மீனவர்களை 1957இல் தனிப் படமாகவே வரைந்தார். உடம்பு பின்னால் சாய்ந்து, குதிகால் ஊன்றி, கயிறு தோளில் அழுந்தும் அந்த நிலையை ஏரிக்கரையில் வளராத ஒருவரால் அப்படிக் கொண்டுவர முடியாது. 1948இல் பிலிப்பைன்ஸ் கலைச் சங்கத்தின் முதல் போட்டியில் அவருக்குப் பரிசு வாங்கித் தந்த படமும் வீரர்களைப் பற்றியதில்லை. காட்டைத் திருத்தி எரித்துப் பயிர் செய்யும் கைங்கின் வேளாண்மை பற்றியது. அதை யாரும் கேட்டு அவர் வரையவில்லை.

கரிக்கோடு

கைங்கின் படத்தை மறந்துவிட்டேன் பாருங்கள், அது நல்ல படம். கோட்டைப் பற்றிச் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு பரப்பில் அத்தனை உருவங்களை நிரப்பி, மூச்சு முட்டாமல் வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் வீரர்களை அவர் எப்போதும் வீரர்களாகவே பார்க்கிறார் என்ற குறை எனக்கு இருக்கத்தான் செய்யும். யாரிடமும் ஒரு தயக்கமோ பயமோ தெரிவதில்லை.

திரைச்சீலை

யாரும் இன்னும் சினிமாவைத் தொடவில்லையே? இயக்குநர் மானுவேல் கோண்டேயின் நெருங்கிய கூட்டாளி போட்டோங். 1950இல் வந்த ‘செங்கிஸ் கான்’ படத்தில் உடைகளும் அரங்கமும் அவர் கைவண்ணம். 1952இல் அந்தப் படம் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. செப்பனிட்ட பிரதியை 2012இல் மறுபடியும் வெனிஸில் திரையிட்டார்கள். அது போட்டோங்கின் நூற்றாண்டு என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

அந்தக் காலத்து மணிலா சினிமாவில் பணம் கம்மி. இருக்கும் ஆட்களை வைத்து மங்கோலியப் படையைக் காட்ட வேண்டும். நூறு பேரை ஆயிரம் பேராகக் காட்டுவது எப்படி என்று தெரிந்த ஓவியர் பக்கத்தில் இருந்தால் இயக்குநருக்கு எவ்வளவு பலம்! அந்தப் படத்தின் குதிரைக் கூட்டத்தையும் 1953க்குப் பிறகு வந்த சுவரோவியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கேமராவும் தூரிகையும் ஒன்றுக்கொன்று சொல்லிக் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றும். கரிக்கோடு சொன்ன அந்த ‘வரிசையாக வரும்’ தன்மைகூட எனக்குச் சினிமாக்காரன் கண்ணாகத்தான் படுகிறது.

உப்புக்காற்று

கப்பல் வேலையில் இருந்தவன் நான். கப்பலில் பிலிப்பினோக்கள் இல்லாத குழு அபூர்வம். எங்கள் பாய்லர் அறையில் வேலை பார்த்த தோழர் ஒருவர் அங்கோனோ இருக்கும் ரிசால் மாகாணத்துக்காரர். நவம்பரில் விடுமுறை கிடைத்தபோது என்னையும் அங்கோனோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ‘ஹிகாந்தெஸ் பார்க்காமல் போகக் கூடாது’ என்று பிடிவாதம்.

ஹிகாந்தெஸ் என்றால் ராட்சதப் பொம்மைகள். காகிதக்கூழால் செய்த தலை, மூங்கில் சட்டத்தில் உடம்பு, 10, 12 அடி உயரம். உள்ளே ஒரு ஆள் புகுந்து தூக்கிக்கொண்டு ஆடுவார். மீனவர்களின் காவலரான சான் கிளெமெந்தேவின் திருநாள் நவம்பர் 23. சிலையைத் தெருவழியாகக் கொண்டுவந்து ஏரியில் படகேற்றுவார்கள். மரக்கட்டைச் செருப்பு போட்ட பெண் பிள்ளைகள் கையில் துடுப்போடு அணிவகுத்துப் போவார்கள். ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைப்பார்கள், நான் தொப்பலாக நனைந்துவிட்டேன். ஸ்பானியப் பண்ணையார் காலத்தில் வேறு கேளிக்கைகளுக்குத் தடை இருந்ததாம். இடுப்பில் கை வைத்து அதிகாரம் பண்ணும் பண்ணையாரைப் போலவே பொம்மை செய்து ஊர்க்காரர்கள் பதிலடி கொடுத்தார்கள் என்று தோழர் சொன்னார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போட்டோங்கின் படத்தை நான் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். பார்த்த உடனே ‘இது அந்தத் தெரு’ என்று தோன்றியது. அந்த நெரிசல், அந்த நிறம், ஆள்மேல் ஆள் ஏறி நிற்கிற மாதிரியான நெருக்கம், ஒன்றும் கற்பனை கிடையாது. வரலாற்றை அவர் தன் ஊர்த் திருவிழாவின் கூட்டமாகப் பார்த்திருக்கிறார். வைகைக்கரை சொன்னது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அவர் வீடு இருக்கும் தோன்யா அவுரோரா தெருவில் நடந்து பாருங்கள். வீட்டுச் சுவர்களில் அவருடைய ஓவியங்களைச் சிமெண்டுப் புடைப்புச் சிற்பங்களாக ஊர்க் கலைஞர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். துணி காயப் போட்டிருக்கும், அதற்குக் கீழே வரலாறு நடந்துகொண்டிருக்கும்.

பழஞ்சுவடி

இழையின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஓவியப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்ப்பதால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

மருத்துவமனைப் படங்கள் நான்கும் கித்தான் துணியில் எண்ணெய் வண்ணம். வெப்ப நாட்டில் கித்தானுக்குப் பெரிய எதிரி ஈரம் ஏறி இறங்குவது. மழைக்காலத்தில் துணி ஈரத்தை வாங்கித் தளரும், வறண்ட நாளில் இறுகும். துணி அசையும், அதன்மேல் காய்ந்து கெட்டியான வண்ணப் படலம் அசையாது. முதலில் மயிரிழை போல விரிசல் வரும், பிறகு விளிம்பு தூக்கிக்கொள்ளும், கடைசியில் செதிலாக உதிரும். பின்புறம் பூஞ்சை, மரச்சட்டத்தில் கரையான். மருத்துவமனையின் முன்கூடம் என்றால் நாள் முழுக்கத் திறந்த கதவு. வெளியே டாஃப்ட் அவென்யூ, அதன் வாகனப் புகை. கூட்டம் சாய்கிறது, கை படுகிறது. எத்தனை முறை செப்பனிட்டாலும் திரும்ப அதே காற்றில்தானே மாட்ட வேண்டும்?

2011இல் அந்த நான்கையும் தேசியப் பண்பாட்டுக் கருவூலமாக அறிவித்தார்கள். அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், மருத்துவமனையில் நகல் வைத்தார்கள். நகர மன்றத்து ஓவியங்களுக்கு அந்தத் தகுதி 1996லேயே கிடைத்திருந்தது, அவையும் இன்று அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. கித்தானில் வரைந்ததால்தான் இது முடிந்தது. சுண்ணச் சுவரில் நேராக வரைந்திருந்தால் சுவரோடு போயிருக்கும். 1935 ஓவியம் போய்விட்டது. 1953 கண்காட்சிக்கு 88 மீட்டர் நீளத்துக்கு வரைந்ததும் முழுதாக இன்று நம்மிடம் இல்லை. இவ்வளவு இழந்த பிறகு மிச்சம் இருப்பதை முன்கூடத்தில் வைத்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறீர்களா?

தாழம்பூ

பழஞ்சுவடி ஐயா, செதில் உதிர்வதை நீங்கள் சொல்லும்போது பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். பொது மருத்துவமனைக்கு வருகிறவர்கள் யார்? தனியார் மருத்துவமனைக்குப் போக முடியாதவர்கள். மாகாணத்திலிருந்து பேருந்தேறி வந்து, சீட்டு வாங்கி, மணிக்கணக்காகக் காத்திருப்பவர்கள். அந்தப் படம் அவர்களுக்காக வரையப்பட்டது. தன்னைப் போன்ற ஒரு நோயாளியையும், தன் பாட்டியைப் போன்ற ஒரு வைத்தியச்சியையும் அந்தக் கூடத்தில் அவர்கள் பார்த்தார்கள். அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லைதான், மருத்துவமனையிலிருந்து ரொம்பத் தூரமும் இல்லை. ஆனால் காய்ச்சலில் இருக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யார் அங்கே போவார்கள்?

பழஞ்சுவடி

அதனால்தானே அம்மா நகல் வைத்தார்கள். காத்திருப்பவர் பார்ப்பதற்கு அங்கே படம் இருக்கிறது. அசலில் உள்ள தூரிகைத் தடம் அடுத்த தலைமுறைக்கும் இருக்கும். இரண்டும் கிடைத்திருக்கிறது.

தாழம்பூ

நகல் நல்ல நகலாக இருந்து, அதைக் கவனமாகப் பராமரித்தால் ஒப்புக்கொள்கிறேன் ஐயா. நோயாளிக்கு நகல் போதும், அசல் நமக்கு என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வரக் கூடாது. அதுதான் என் மனக்குறை.

வைகைக்கரை

இருவர் சொல்வதையும் படித்த பிறகு நான் பழஞ்சுவடி ஐயா பக்கம் சாய்கிறேன், தாழம்பூவின் நிபந்தனையோடு. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே அருங்காட்சியகத்தில்தான் ஹுவான் லூனாவின் ‘ஸ்போலியாரியும்’ இருக்கிறது. 1884இல் மாட்ரிட் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய பிரமாண்டமான படம். லூனா ஐரோப்பா போய்ப் படித்து, ரோமாபுரியின் அரங்கில் செத்து விழுந்த வீரர்களை வரைந்து, தன் நாட்டின் அடிமை நிலையை உலகுக்குச் சொன்னார். அன்று அப்படித்தான் சொல்ல முடிந்தது. போட்டோங் காலத்தில் ரோமாபுரி தேவைப்படவில்லை. அங்கோனோவின் ஆட்களை வைத்தே சொல்லிவிட்டார். இரண்டு படங்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இந்தத் தூரத்தை அரை மணி நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம். இது மருத்துவமனைக் கூடத்தில் கிடைக்காது.

கரிக்கோடு

லூனா ஒப்பீடு நன்றாக இருக்கிறது. என் பழைய கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கோயில் வேலைகள் ஏதாவது செய்திருக்கிறாரா? அரசாங்கம் கேட்காத இடத்தில் அவர் எப்படி வரைந்தார் என்று பார்க்க ஆசை.

பழஞ்சுவடி

செய்திருக்கிறார். கேசோன் சிட்டியின் சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தில் புனித தொமினிக்கின் வாழ்க்கைக் காட்சிகள், குவிமாடத்துக்குக் கீழே. ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத் தேவாலயத்துக்குள் சிலுவைப்பாதை ஓவியங்கள். அதே தேவாலயத்தின் வெளிமுகப்பில் இருக்கும் மொசைக் விசென்தே மனன்சாலாவுடையது. அவரும் பின்னாளில் தேசியக் கலைஞர். நீங்கள் தேடும் தயக்கமும் வலியும் சிலுவைப்பாதையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. வெற்றி வீரனை வரைய முடியாத கதை அது.

உப்புக்காற்று

ஊரைப் பற்றி ஒன்று விட்டுப் போய்விட்டது. 1965இல் சாரணர் சிறுவர்களை மலைப்பக்கம் கூட்டிப் போனபோது, ஒரு பாறைக் குடைவில் கீறல் உருவங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தவரே போட்டோங்தான். எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையில் 127 உருவங்கள். வட்டத் தலை, குச்சிக் கை, குச்சிக் கால். நாட்டின் மிகப் பழைய கலைப்படைப்பாக அதைத்தான் கருதுகிறார்கள். இடம் அங்கோனோவுக்கும் பினங்கோனானுக்கும் எல்லையில் வருகிறது. 1973இல் அதுவும் தேசியப் பண்பாட்டுக் கருவூலமானது. அவர் தேசியக் கலைஞரானதும் அதே ஆண்டில்தான்.

மணிலாவிலேயே குடியேறியிருந்தால் அந்தப் பிள்ளைகளோடு அன்றைக்கு மலையேறியிருக்க மாட்டார். எத்தனையோ பேர் அந்தப் பக்கம் போய் வந்திருப்பார்கள். கீறலைக் கீறலாக விட்டுவிடாமல், ‘இது மனுசன் கை’ என்று சொல்ல ஒரு ஓவியரின் கண் வேண்டியிருந்தது.

திரைச்சீலை

அந்த ஊரில் இவர் ஒருவர் மட்டும் இல்லை. இசையமைப்பாளர் லூசியோ சான் பெட்ரோவும் அங்கோனோக்காரர், போட்டோங்கின் உறவினர், 1991இல் இசைக்கான தேசியக் கலைஞர். அவருடைய தாலாட்டுப் பாட்டைத் தெரியாத பிலிப்பினோ இருக்க முடியாது. போட்டோங்குக்கு அடுத்த தலைமுறையில் ஹோசே பிளாங்கோ வந்தார். அவர், மனைவி, ஏழு பிள்ளைகள், எல்லாரும் ஓவியர்கள். அவர்கள் வீட்டு அருங்காட்சியகமும் அங்கோனோவில்தான் இருக்கிறது. பிளாங்கோவின் கித்தானிலும் ஏரியும் மீனவரும் திருவிழாவும்தான். ஒரு ஓவியர் ஊரிலேயே தங்கினால் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு அது எப்படித் தைரியம் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கரிக்கோடு

பிப்ரவரியில் மணிலா போகும் வாய்ப்பு இருக்கிறது. எந்த வரிசையில் பார்க்கலாம்? தாழம்பூ, உப்புக்காற்று, யாராவது சொல்லுங்கள்.

தாழம்பூ

அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள் அண்ணா. எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். லூனா படத்தை முதலில் பாருங்கள், பிறகு மருத்துவப் படங்கள், கடைசியாக நகர மன்றத் தொடர். நகர மன்றக் கட்டடமே பக்கத்தில்தான் இருக்கிறது, அந்தப் படங்கள் முதலில் எங்கே இருந்தன என்பதையும் பார்த்துவிடலாம். பல்கலைக்கழகத் தேவாலயத்துக்குப் போவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. நேரம் இருந்தால் மருத்துவமனைக்கும் போய் நகல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், எப்படி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எழுத வேண்டும்.

உப்புக்காற்று

அங்கோனோவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள் தம்பி. கைந்தா, தைதாய் வழியாக வேன் போகும். நெரிசல் பயங்கரம், காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பாறை உருவங்கள், மதியம் பிளாங்கோ வீடு, சாயங்காலம் தோன்யா அவுரோரா தெரு. சுவர்ச் சிற்பங்களின் மேல் சாய்ந்த வெயில் விழும்போது புடைப்பு நன்றாகத் தெரியும், வரைகிறவருக்கு அந்த நேரம்தான் உகந்தது. திருவிழா பார்க்க வேண்டுமானால் நவம்பருக்கு இன்னொரு தரம் போக வேண்டியதுதான்.